மதாம்மா வீட்டுப் பின்கட்டு

அந்தப் பங்களாவை யாராவது புகழ்ந்து பேசினால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். போன மாதம் கோயில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு பெண், படித்த பெண்தான், என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அந்த எழுத்துக்கார மதாம்மா இருந்த வீட்டுலயா பொறந்திய? குடுத்து வச்சவியதான்!" என்று கண்ணை விரித்தாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஆமா, குடுத்து வச்சேன். திரும்ப வாங்கத்தான் வழியில்லாமப் போச்சு" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். பாவம், அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. நான் எதை, யார் கையில் கொடுத்து வைத்தேன் என்பதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

திற்பரப்புக்குப் போகிற சாலையிலிருந்து பிரியும் ஒரு செம்மண் பாதையில், கோதையாற்றுச் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்தது அந்த வீடு. மலையில் காப்பித் தோட்டம் போட வந்த ஒரு வெள்ளைக்காரத் துரை, தன் மனைவிக்காகக் கட்டியது. எங்கள் ஊர்க்காரர்கள் அதை மதாம்மா வீடு என்றுதான் சொல்வார்கள். துரைக்கு அங்கே பேரே கிடையாது. மதாம்மா பெரிய விருந்துக்காரி. திருவனந்தபுரத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் துரைமார் குடும்பங்கள் வில்வண்டியில் வந்து இறங்கினால் நாலு நாள், ஐந்து நாள் பாட்டும் ஆட்டமும் அருவிக்குளியலும்தானாம். எல்லாரும் போன பிறகு ஆற்றைப் பார்த்த மூலை அறையில் உட்கார்ந்து எழுதுவாளாம். இரண்டு புத்தகம் சீமையில் அச்சாகியிருக்கிறது. அதில் ஒன்று இந்த வீட்டைப் பற்றியும் இங்கே அவளிடம் வேலை பார்த்தவர்களைப் பற்றியும்.

நான் பார்க்கும்போது அந்த வீட்டில் யாரும் குடியில்லை. முன்பக்கம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். கூடத்துத் தரையில், பியானோ நின்ற இடத்தில், மூன்று குழிகள். உத்தரத்தில் பங்கா விசிறி தொங்கிய கொக்கிகள். அதை இழுக்கிற கயிறு போவதற்காகச் சுவரில் ஒரு சின்ன ஓட்டை. வெளியே உட்கார்ந்து கயிறு இழுத்தவன் எவனோ, அவன் சாய்ந்திருந்த இடத்தில் சுவர் எண்ணெய் பிடித்துக் கறுத்திருந்தது. அந்தக் கறையை எத்தனை வெள்ளையடித்தாலும் மறைக்க முடியவில்லை. மூலை அறையில் மதாம்மாவின் எழுத்து மேசை இருந்தது. மேசையில் ஒரு பெரிய மைக்கறை.

பின்கட்டில் நாங்கள். இரண்டு அறை, ஒரு அடுக்களை, ஒரு கிணறு, கிணற்றடியில் ஒரு பலா மரம். மதாம்மாவின் பிள்ளைகளை வளர்த்த ஆயா அந்தப் பின்கட்டில்தான் இருந்தாள். அவளுக்குப் பிறகு அவள் மகள், அந்த மகளுக்கு ஒரு மகள், பிறகு என் அம்மை. நாலு தலைமுறையாகப் பெண்வழியில் வந்த இடம். அப்பா கல்யாணம் பண்ணி அந்த வீட்டுக்கு வந்தவர். பங்களா அப்போது ஒரு தோட்டக் கம்பெனிக்குச் சொந்தம். அவர்கள் அப்பாவிடம் சாவிக்கொத்தைக் கொடுத்துக் காவலுக்கு வைத்திருந்தார்கள்.

அருவி பார்க்க வருகிறவர்கள் சில சமயம் பங்களாவையும் பார்க்க வருவார்கள். அப்பா கதவுகளைத் திறந்து ஒவ்வொரு அறையாகக் காட்டிக் கதை சொல்லுவார். அதில் முக்கியமான கதை புலி. மதாம்மா தன் புத்தகத்தில், ஒரு நாள் வராந்தாவில் ஏறின புலியை எங்கள் ஆயா துடைப்பத்தால் அடித்து விரட்டினாள் என்று எழுதியிருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும், வந்தது புலியில்லை, மரநாய். மரநாய் என்றால் கதைக்கு எடுப்பாக இருக்காது என்று மதாம்மா அதைப் புலியாக்கிவிட்டாள். அப்பா புலி என்றே சொல்லி முடித்து, வந்தவர்கள் வாயைப் பிளந்து நிற்கும்போது, "ஆனா, அது மரநாயாக்கும்" என்று சொல்லிச் சிரிப்பார். அவருக்குப் பொய் சொல்லவும் ஆசை, உண்மை சொல்லவும் ஆசை.

வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போன வருஷம் நாலைந்து இளவட்டங்கள் கொடியோடு வந்து, மதாம்மா இந்த வீட்டை விட்டு வெளியேறவேண்டும் என்று வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். அப்பா நிதானமாக, "அவ செத்து எலும்பும் உக்கிப் போச்சே மக்கா, இனி எங்க போவச் சொல்லுகிய?" என்று கேட்டார். அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அம்மை எல்லாருக்கும் மோர் கொடுத்து அனுப்பினாள். அப்போது எனக்குப் பத்து வயது. அந்த வீட்டில் எனக்கு ஞாபகம் இருக்கிற சந்தோஷமான நாள் என்று கேட்டால் அதைத்தான் சொல்லுவேன்.

அம்மையிடம் இரண்டு வேதபுத்தகங்கள் இருந்தன. ஒன்று அவள் தினமும் வாசித்தது. தமிழ். முதுகு பிரிந்து, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை பிடித்து, முதல் இரண்டு தாள்கள் எங்கேயோ போய், ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் பாம்பு பேசுவதிலிருந்துதான் தொடங்கும். ஏதேன் தோட்டம் எங்கள் வீட்டில் இல்லை, பாவம் மட்டும்தான் இருக்கிறது என்று நான் கேலி பண்ணுவேன். "ஏட்டி, வாயில போடுவேன்" என்பாள் அம்மை. அவளுக்கு அந்த இரண்டு அதிகாரமும் மனப்பாடம்.

இன்னொன்று மதாம்மா ஆயாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன இங்கிலீஷ் வேதபுத்தகம். கறுப்புத் தோல் அட்டை, தாள் ஓரமெல்லாம் தங்கம் பூசினது. தகரப்பெட்டியின் அடியில் சூடம் போட்டு வைத்திருப்பாள். கிறிஸ்துமஸ் அன்றைக்கு மட்டும் வெளியே எடுத்து, மேசைமேல் வைத்து, ஒரு முத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்துவிடுவாள். முதல் தாளில் ஏதோ மையால் எழுதியிருந்தது. நான் ஏழாம் வகுப்பு வரை படித்தவள். அச்செழுத்து இங்கிலீஷை எழுத்துக்கூட்டுவேன், கையெழுத்து என்றால் எனக்குக் கோழி கிளறினதுதான்.

யாராவது வந்து, "இது கம்பெனிக்க எடமாச்சே, நாளைக்கு எறங்கச் சொன்னா எங்க போவிய?" என்று கேட்டால் அம்மை கழுத்தை நிமிர்த்திச் சொல்லுவாள்: "பின்கட்டு எங்களுக்கு மதாம்மா எழுதித் தந்ததாக்கும்." எழுத்து எங்கே என்று கேட்டால் சொல்ல மாட்டாள். என்னிடமும் சொல்லவில்லை. தாய் மகளுக்குக் கல்யாணத்தன்றைக்குத்தான் சொல்லவேண்டும் என்று அவர்கள் வழியில் ஒரு ஏற்பாடு. "ஒனக்குக் கல்யாணம் ஆவட்டு, சொல்லுகேன்" என்பாள். இது எனக்கு அப்போது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. வீடு எங்கே போய்விடப் போகிறது?

எனக்குப் பதினேழு வயதில், வைகாசிப் பாதியில் தொடங்கும் எடவப்பாதி மழை விடாமல் கொட்டின ஒரு வாரத்தில், அம்மைக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தே நாள். கடைசி இரண்டு நாள் பேச்சு நின்றுவிட்டது. கண் மட்டும் தகரப்பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தது. நான் பெட்டியைத் திறந்து அவளுடைய கல்யாணச் சேலையை எடுத்துக் காட்டி, "இதுவா அம்மா, இதைத்தான் கேக்கியா?" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சரி, சேலைதான் கேட்டிருக்கிறாள், பார்த்துவிட்டாள், திருப்தி என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்! வேதபுத்தகம் சேலைக்கு அடியிலேயே இருந்தது. அதை எடுத்து அவள் கையில் கொடுத்திருந்தால் ஒரு விரலாவது அசைத்து முதல் தாளைக் காட்டியிருப்பாள்.

அடக்கத்துக்கு அஞ்சுகிராமத்திலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, மழையில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தாள். அம்மையைக் குளிப்பாட்டி அந்தக் கல்யாணச் சேலையையே உடுத்தினாள். சவப்பெட்டியில் வைத்த பிறகு என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி, உங்கம்மைக்க வேதபுத்தகத்த எடுத்திட்டு வா, கையில வைக்கணும்" என்றாள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். வாழ்நாளெல்லாம் வாசித்த வேதபுத்தகம் அவர்களோடு போகவேண்டும்.

நான் உள்ளே போய் அம்மையின் புத்தகத்தை எடுத்தேன். எடுத்த வேகத்தில் கடைசிப் பகுதியான வெளிப்படுத்தின விசேஷம் கழன்று கீழே விழுந்தது. முன்னறையில் சபைப் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வீட்டம்மா பட்டுக்கரைச் சேலையில் வந்திருந்தாள். இந்தக் கந்தலையா எல்லார் முன்னாலும் என் அம்மை கையில் வைப்பது என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. வேறு ஒன்றுமில்லை, வெட்கம்தான். தகரப்பெட்டியைத் திறந்து மதாம்மாவின் வேதபுத்தகத்தை எடுத்தேன். வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றி, தங்க ஓரம் கொஞ்சம் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு வந்து அம்மையின் கைகளுக்குள் செருகினேன். ஒரு வரி இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதவள் கையில் இங்கிலீஷ் வேதபுத்தகம். கணக்கப்பிள்ளை வீட்டம்மா எட்டிப் பார்த்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வந்தது. அம்மை செத்துக் கிடக்கும்போது வந்த பெருமை அது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறையவேண்டும்போல இருக்கிறது.

புத்தகம் கனமானது. பெட்டியைத் தூக்கும்போது சரிந்துவிட்டது. மூடுவதற்கு முன் அப்பா குனிந்து, கைக்குட்டையைச் சரிபண்ணி, அம்மையின் விரல்களை அதன்மேல் ஒவ்வொன்றாக மடக்கி வைத்தார். பிறகு அவரே மூடியை வைத்து ஆணி அடித்தார். குழியில் முழங்கால் அளவு வெள்ளம் நின்றது.

அந்த வருஷமே கம்பெனி பங்களாவை விற்றது. வாங்கினவர் நாகர்கோவில் பக்கத்து ரப்பர் தோட்ட முதலாளி ஒருவர். கிறிஸ்துமஸ் கழிந்து வீட்டைப் பார்க்க வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மதாம்மாவின் புத்தகத்தை எங்கேயோ தேடிப் பிடித்து வாங்கி, பழுப்புத் தாள் அட்டை போட்டு, கையில் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு அறையிலும் நின்று பக்கத்தைப் புரட்டி, "இதுதானே வே, அவங்க ஆடின கூடம்? இதுதானே எழுதின மேசை?" என்று பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார். மைக்கறையை விரலால் தொட்டுப் பார்த்தார். வராந்தாவில் வந்து, "இங்கதான் புலி ஏறிச்சா?" என்று கேட்டார். அப்பா வழக்கம்போல முழுக்கதையும் சொல்லி, கடைசியில், "ஆனா மொதலாளி, அது மரநாயாக்கும். மதாம்மா கதைக்காக எழுதினது" என்று சிரித்தார். முதலாளியும் விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு அவர் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து, முன்பக்கத்தை அப்படியே மதாம்மா வைத்திருந்த மாதிரி வைக்கப்போவதாகவும், பின்கட்டை இடித்துவிட்டுக் கார் ஷெட்டும் புது அடுக்களையும் கட்டப்போவதாகவும் சொன்னார். அப்பா சாவிக்கொத்தோடு நின்றுகொண்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னால்.

"மொதலாளி, பின்கட்டு மதாம்மா எங்க வீட்டுக்காரி வழிக்கு எழுதித் தந்தது. அவ எப்பவும் சொல்லுவா. எழுத்து எங்க இருக்குன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாமப் போயிட்டா" என்றார் அப்பா.

முதலாளி கோபப்படவில்லை. முகம் மலர்ந்துபோய்ப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். "நான் வாசிச்சேன் வே! இதுல இருக்கு. அந்த ஆயாவுக்க குடும்பம் நீங்கதானா?" என்று சொல்லி, வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னார். ஊரைவிட்டுப் போகிற அன்றைக்கு ஆயா அழுதாளாம். மதாம்மா தன் சொந்த வேதபுத்தகத்தை அவளுக்குக் கொடுத்து, அதன் முதல் தாளிலேயே, பின்கட்டும் கிணறும் மரமும் ஆயாவுக்கும் அவள் பெண்மக்களுக்கும் அவர்கள் விரும்புகிற காலம் வரைக்கும் என்று எழுதி, துரையையும் கையெழுத்துப் போட வைத்தாளாம். "அந்த வேதபுத்தகத்த எனக்குக் காட்டும். மதாம்மா கையெழுத்து இருந்தா ஒரு கல்லைத் தொட மாட்டேன். சத்தியமாச் சொல்லுகேன். மாசியில கும்பப்பூ அறுப்பு முடியட்டு, அதுவரை டைம் எடுத்துக்கிடும்" என்றார்.

அந்தத் தாளை நான் அம்மை கையில் வைத்துப் புதைத்துவிட்டேன். கதவைப் பிடித்துக்கொண்டேன். அப்பா ஒரு நிமிஷம் கையிலிருந்த சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பெட்டியில எங்கயாவது கெடக்கும் மொதலாளி, தேடித் தாறேன்" என்றார்.

அன்றைக்கே தேடத் தொடங்கினார். தகரப்பெட்டியைக் கவிழ்த்தார். பரணில் ஏறினார். முன்பக்கத்து அலமாரிகளைச் சுவரிலிருந்து நகர்த்திப் பின்னால் பார்த்தார். தலையணையைப் பிரித்துப் பஞ்சைக் கிளறினார். அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய், "எங்க வீட்டுக்காரி ஒரு இங்கிலீஷு வேதபுத்தகம் உங்க கையில தந்து வச்சாளா?" என்று கேட்டார். ஊரே எங்கள் வீட்டில் எதையோ தேடுகிறார்கள் என்று பேசிற்று. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மையைத் தோண்டுவார்கள். எல்லாரும் கூடி நின்று பார்க்க, அவள் கைவிரலைப் பிரித்து அதை எடுப்பார்கள். எதற்காக? அவள் மகளுக்குக் கணக்கப்பிள்ளை வீட்டம்மா முன்னால் வெட்கமாக இருந்ததற்காக.

வாயை மூடினால் வீடு போய்விடும். அதுவும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மண் இன்னும் முழுக்கப் படியவில்லை. குழிவெட்டுகிற பெரியவர் அங்கே புல் செதுக்கிக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் வைக்கிற சாமானெல்லாம் எவ்வளவு நாள் இருக்கும் என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

"சேலையா?"

"சேலை... வேதபுத்தகம்..."

"நம்ம மண்ணுல செதலு ஜாஸ்தி மக்கா. ரெண்டு எடவப்பாதிக்கு அப்புறம் ஒண்ணையும் விட்டு வைக்காது. எதுக்குக் கேக்க?"

ஒரு எடவப்பாதிதான் போயிருந்தது. இப்போது எடுத்தால் இருக்கும், அடுத்ததற்குப் பிறகு இருக்காது. அதைத் தெரிந்துகொண்டு வந்தது எனக்கு இன்னும் பெரிய பாரமாகிவிட்டது. கேட்காமலே இருந்திருக்கலாம்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. அம்மையின் கிழிந்த வேதபுத்தகம். அது வீட்டில் கிடப்பதை யாராவது பார்த்தால், அப்படியானால் அவளோடு போனது எது என்று கேள்வி வரும். அதைத் துணியில் சுற்றி நெல்பெட்டியில் நெல்லுக்கு அடியில் புதைத்து வைத்தேன். அம்மை பெயரில் இரண்டு புத்தகத்தைப் புதைத்தாயிற்று.

தேடுவதற்கு ஒத்தாசையாக அத்தை அஞ்சுகிராமத்திலிருந்து வந்து ஒரு வாரம் தங்கினாள். அவளுக்குக் கண் கூர்மை. இரண்டாம் நாளே என் முகத்தைப் பார்த்து, "ஏட்டி, நீ ஏன் பேயடிச்ச மாதிரி நடக்க? ஒனக்கு எதாவது தெரியுமா?" என்று பிடித்துக்கொண்டாள். நான் பதில் சொல்லுமுன் அப்பா பரணிலிருந்து சத்தம் போட்டார்: "அவ கொச்சுப்பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும்? அக்கா, நீ வந்து இந்தப் பானையப் பிடி."

அத்தை விடவில்லை. வீட்டில் ஒரு இடம் பாக்கி இல்லாமல் பார்க்கவேண்டும் என்று நெல்பெட்டிக்கு வந்து மூடியைத் தூக்கினாள். "நீ தள்ளு, ஒனக்குத் தும்மல் வரும்" என்று அப்பா அவளை நகர்த்திவிட்டு, தானே முழங்கை வரைக்கும் கையை விட்டார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், அடி வரைக்கும் துழாவினார். கை முழுக்கத் தூசியோடு வெளியே எடுத்து, "இங்கனயும் இல்ல" என்றார். நான் அடுக்களைக்குள் ஓடி, சாமிக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். அதைப் போல ஒரு அசிங்கமான ஜெபத்தை என் வாழ்நாளில் நான் பண்ணினதில்லை.

அறுப்பு முடிந்தது. முதலாளி வந்தார். கூட அவருடைய மைத்துனர், வக்கீல். வேதபுத்தகம் அகப்படவில்லை என்று அப்பா சொன்னார். "ஆனா மொதலாளி, உங்க கையில இருக்க பொஸ்தகத்துலயே மதாம்மா எழுதியிருக்காளே. அது போராதா?"

முதலாளிக்கு ஆசைதான். மைத்துனரைத் திரும்பிப் பார்த்தார். வக்கீல் சிரித்தார். "புலியத் துடைப்பத்தால அடிச்சதா எழுதினவதானே? அது மரநாய்னு சொன்னது நீருதானாமே? புலி பொய்யின்னா, பின்கட்டு மட்டும் நெசமா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் நாக்கே அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. என் அப்பா அப்படித் தலைகுனிந்து நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை. வருவது வரட்டும் என்று கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். "மொதலாளி, அந்த வேதபுத்தகம்..." என்று தொடங்கியும்விட்டேன்.

"மக்கா, சாயா எடுத்திட்டு வா" என்றார் அப்பா. அவர் என்னிடம் அப்படிக் கடுத்துப் பேசினதே கிடையாது. "மொதலாளி வந்து எவ்வளவு நேரமாச்சு! போ."

போனேன். சாயா போட்டுக்கொண்டு திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முதலாளி நிஜமாகவே வருத்தப்பட்டார். இன்னும் ஒரு மாதம் இருந்து தேடிப் பாரும் என்றார். அப்பா, "வேண்டாம் மொதலாளி, தேடினது மதி, போரும்" என்று சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார்.

நாலாம் நாள் கிளம்பினோம். சாலை வரைக்கும் மாட்டுவண்டி, பிறகு பஸ். நாகர்கோவில் வடசேரிச் சந்தைப் பக்கம் இறங்கி அஞ்சுகிராமம் பஸ்ஸுக்காக வாழைத்தார்களுக்கும் காய்கறிச் சாக்குகளுக்கும் நடுவில் எங்கள் மூட்டைகளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நல்ல வெயில். அப்பா மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்து, என் முகத்தைப் பார்க்காமல், பஸ் வருகிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"நெல்லுப்பெட்டியில கெடந்த அம்மைக்க வேதபுத்தகத்த எடுத்துக்கிட்டியா மக்கா?"

எனக்குச் சந்தை இரைச்சல் முழுக்க நின்றுபோன மாதிரி இருந்தது. மடியில் இருந்த துணிப்பொட்டலத்தை இறுக்கிப் பிடித்தேன்.

"எடுத்தேன்."

"ம்."

"அப்பா, ஒங்களுக்கு எப்பம் தெரியும்?"

"அம்மைக்க பெட்டிய மூடினது நான்தானே மக்கா."

"பின்ன எதுக்கு ரெண்டு மாசமாத் தேடினிய? பரணுல ஏறி... வீடு வீடாப் போயி..."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் தேடாம இருந்தா ஒன்னையில்லா கேப்பாவ. நீ சொல்லியிருப்பே. சொன்னா அவளைத் தோண்டியிருப்பானுவ" என்றார். மூட்டைக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டே, "அவ அங்க நல்லாக் கெடக்கட்டு" என்றார்.

நான் வடசேரி பஸ் நிலையத்தில், அத்தனை பேர் நடுவில், அவர் தோளில் முகத்தை வைத்து அழுதேன். அம்மை செத்த அன்றைக்கு அப்படி அழவில்லை. கீரைக் கட்டு விற்கிற ஒருத்தி, "கெட்டிக்குடுத்து அனுப்புகியளா? புள்ள இந்த அழுகை அழுகு" என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா ஆமாம் என்று தலையாட்டினார். பஸ் வந்ததும் மூட்டைகளை ஏற்றினோம். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை.

அஞ்சுகிராமம் வறண்ட பூமி. ஆற்றுச் சத்தம் இல்லாமல் அப்பாவுக்கு உறக்கமே பிடிக்கவில்லை. அடுத்த வருஷம் எங்கள் ஜில்லா மலையாள ராஜ்யத்தை விட்டு மதராஸோடு சேர்ந்தது. கடைத்தெருவில் வெடி போட்டார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். அந்த மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டே அப்பா, "நம்ம பின்கட்டு இப்பம் எந்த ராஜ்யத்துல இருக்கும்?" என்று சிரித்தார். பின்கட்டு எந்த ராஜ்யத்திலும் இல்லை, அதை இடித்து வெகுநாளாகிவிட்டது என்று அவருக்கும் தெரியும். கிறிஸ்துமஸ் வருவதற்குள் அவர் போய்விட்டார். நெஞ்சுவலி, அரை நாள்தான்.

பெட்டியில் வைத்த பிறகு அத்தை என்னைக் கூப்பிட்டு, கையில் வைக்க வேதபுத்தகம் கேட்டாள். அம்மையுடையதைக் கொண்டுவந்தேன். வெளிப்படுத்தின விசேஷத்தை நூலால் கட்டியிருந்தேன். "ஏட்டி, இந்தக் கிழிஞ்சதையா வைக்கப் போற?" என்று கேட்டவளுக்கு, புத்தகம் யாருடையது என்று சட்டென்று விளங்கிவிட்டது. வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

தெருக்காரர்கள் எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கைக்குட்டை சுற்றவில்லை. புத்தகத்தை அப்படியே அவர் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கினேன். ஆண்கள் யாரோ மூடியைத் தூக்க வந்தார்கள். அவர்களை விலகச் சொல்லிவிட்டு மூடியை நானே வைத்தேன்.